ஏஐ ஏஜென்ட்டுக்கு ஸ்கில் எழுதுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி (இப்போதுதான் தொடங்கும் ஒருவர்): ஸ்கில் என்பது நீளமான ப்ராம்ப்ட்டிலிருந்து எவ்வகையில் வேறுபட்டது?

பதில்: ப்ராம்ப்ட்டை, அதாவது ஏஐக்கு நாம் தட்டச்சு செய்யும் கட்டளையை, உரையாடல்தோறும் நாமே கொடுக்க வேண்டும். ஸ்கில் ஒரு கோப்புறை, அதில் ஸ்கில்.எம்டி என்ற உரைக் கோப்பு கட்டாயம் இருக்க வேண்டும், ஸ்கிரிப்ட்டுகளையும் (சிறு நிரல்களையும்) துணை ஆவணங்களையும் மாதிரிப் படிவங்களையும் தேவைக்கேற்பச் சேர்க்கலாம். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025 அக்டோபரில் இந்த அமைப்பை அறிமுகப்படுத்தி, அதே ஆண்டு டிசம்பரில் திறந்த தரமாகவும் வெளியிட்டது. ஏஜென்ட் (கோப்புகளைத் திறந்து, நிரல்களை இயக்கி வேலையை முடிக்கும் ஏஐ) தொடங்கும்போது ஒவ்வொரு ஸ்கில்லின் ஸ்கில்.எம்டி தலைப்பகுதியில் உள்ள பெயரையும் விவரக்குறிப்பையும் மட்டுமே படிக்கிறது. கேட்ட வேலைக்கு அது பொருந்துகிறது என்று முடிவெடுத்த பின்னரே ஸ்கில்.எம்டியின் உடற்பகுதியைத் திறக்கிறது; அங்கே சுட்டப்பட்ட பிற கோப்புகளைத் தேவை வரும்போது திறக்கிறது. பல ஸ்கில்களை நிறுவி வைத்தாலும் காண்டெக்ஸ்ட் (ஏஜென்ட் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய உரை) நிரம்பிவிடாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

கேள்வி (மென்பொருள் துறையில் இருப்பவர்): நான் எழுதிய ஸ்கில்லை ஏஜென்ட் கண்டுகொள்வதே இல்லை. உள்ளே "இதை எப்போது பயன்படுத்த வேண்டும்" என்று ஒரு பகுதியே எழுதியிருக்கிறேன்.

பதில்: அந்தப் பகுதி உடற்பகுதியில் இருப்பதுதான் சிக்கல். ஸ்கில்லைத் தேர்ந்தெடுத்த பிறகே ஏஜென்ட் அதைப் படிக்கும். தேர்ந்தெடுக்க உதவ வேண்டிய செய்தி அங்கே இருந்து பயனில்லை. அதை 1024 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டிய விவரக்குறிப்புக்கு மாற்றுங்கள். ஸ்கில் என்ன செய்கிறது, எந்தச் சூழலில் தேவைப்படும் என்ற இரண்டையும் படர்க்கையில் எழுதுங்கள். "ஆவணங்களைக் கையாள உதவும்" என்பது எதற்கும் பொருந்தும் என்பதால் எதற்கும் பயன்படாது. "பாமினி எழுத்துருவில் உள்ள கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்; தமிழ்க் கோப்பில் ஆங்கில எழுத்துகள் தெரிவதாகப் பயனர் கூறும்போது பயன்படுத்துக" என்றால் பொருத்தம் தெளிவாகும். (பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு; யூனிகோடு இன்றைய பொதுக் குறிமுறை.) பயனர் எவரும் "குறிமுறை மாற்றம் தேவை" என்று கேட்பதில்லை. "எழுத்தெல்லாம் உடைஞ்சு வருது" என்றுதான் சொல்வார். அந்த வழக்குச் சொற்கள் விவரக்குறிப்பில் இடம்பெற வேண்டும்.

கேள்வி (பதிப்பகத்தில் பணிபுரிபவர்): நீங்கள் சொன்ன அதே வேலைதான் எங்களுக்கும். பாமினியில் தட்டச்சு செய்த பழைய நூல்களை மாற்ற ஸ்கில் செய்கிறோம். விதிகளை எழுதி மாடலிடமே (ஏஜென்ட்டை இயக்கும் ஏஐயிடமே) விட்டுவிடலாமா, ஸ்கிரிப்ட் தேவையா?

பதில்: ஸ்கிரிப்ட் தேவை, மாடலுக்கும் ஒரு பங்கு உண்டு. பாமினியில் "தமிழ்" என்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கோப்பில் இருக்கிறது. ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் பதிவாகியிருக்கும். யூனிகோடில் அது மெய்க்குப் பின்னால் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே விடை வர வேண்டிய இத்தகைய இடமாற்றத்தை, இருநூறாம் பக்கத்தில் எங்கோ ஒரு கொம்பை விட்டுவிடக்கூடிய மாடலிடம் ஒப்படைப்பது வீண் செலவும் ஆபத்தும் ஆகும். ஸ்கிரிப்ட்டை இயக்கும்போது அதன் வெளியீடு மட்டுமே காண்டெக்ஸ்ட்டுக்குள் வருவதால், நிரல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் டோக்கன் (மாடல் உரையைப் பிரித்துப் படிக்கும் துண்டு) கூடுவதில்லை.

இனி மாடலின் பங்கு. பாமினியில் ஔகாரக் குறியின் பிற்பாதியும் ளகரமும் ஒரே விசை. கவனமில்லாத மாற்றிகள் "வெள்ளம்" என்பதை "வௌ்ளம்" ஆக்கிவிடுவதை இணையத்தில் எங்கும் காணலாம். அடுத்து, மெய்க்குப் பின் பதிவாகும் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது ளகரமே என்ற விதியை ஸ்கிரிப்ட்டில் எழுதிவிடலாம். அப்படி எதுவும் வராத இடங்களை, "கௌரவம்" போன்ற சொற்களை, சுற்றியுள்ள வரியோடு ஸ்கிரிப்ட் பட்டியலிட்டுத் தரட்டும். மாடல் அந்தப் பட்டியலை மட்டும் பார்த்து முடிவு செய்யட்டும். எளிய உரைக் கோப்பில் இடையிடையே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களுக்கும் இதே வழி. வேர்டு கோப்பாக இருந்தால் எழுத்துருவின் பெயரைப் பார்த்து ஸ்கிரிப்ட்டே பிரித்துவிடும். இறுதியில் மெய்யெழுத்து இல்லாமல் தனித்து நிற்கும் உயிர்க்குறி எங்கேனும் இருக்கிறதா என்று சோதிக்கும் இன்னொரு ஸ்கிரிப்ட்டையும் சேருங்கள்.

கேள்வி: ஸ்கில்.எம்டி எவ்வளவு நீளம் இருக்கலாம்?

பதில்: 500 வரிகளுக்குள் நிறுத்துங்கள். யூனிகோடு என்றால் என்ன என்று மாடலுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உங்கள் பதிப்பகத்தின் மெய்ப்பு விதிகள் அதற்குத் தெரியாது, அவற்றை எழுதுங்கள். துணைக் கோப்புகள் அனைத்தையும் ஸ்கில்.எம்டியிலிருந்தே நேரடியாகச் சுட்டுங்கள்.

கேள்வி: முழுவதையும் தமிழிலேயே எழுதலாமா?

பதில்: பெயர் மட்டும் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், இணைப்புக்கோடு ஆகியவற்றால் 64 எழுத்துகளுக்குள் அமைய வேண்டும். மற்றவை தமிழில் இருக்கலாம். ஆயினும் அதே செய்திக்குத் தமிழ் பொதுவாகக் கூடுதல் டோக்கன்களை எடுத்துக்கொள்ளும். எப்போதும் ஏற்றப்படும் விவரக்குறிப்பில் இதைக் கணக்கில் கொள்ளுங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் தமிழிலேயே எழுதுவேன், ஏனெனில் அந்த விதிகளைத் திருத்தப்போகிறவர் மெய்ப்புத் திருத்துநரே.

கேள்வி: பிறர் எழுதிய ஸ்கில்லை இறக்கி அப்படியே நிறுவலாமா?

பதில்: ஸ்கிரிப்ட் உட்பட எல்லாக் கோப்புகளையும் படித்த பிறகு நிறுவுங்கள். சொன்ன வேலைக்குத் தொடர்பில்லாத வெளி முகவரியை அழைக்கும் ஒரு வரி தென்பட்டாலும் விட்டுவிடுங்கள். ஏஜென்ட்டுக்கு உங்கள் கோப்புகளைத் தொடும் உரிமை இருக்கிறது. ஸ்கில்லின் சொற்படி அது நடக்கும்.

கேள்வி: சரியாக வேலை செய்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: ஸ்கில் எழுதும் முன்பே சில உண்மையான கோப்புகளைக் கொடுத்து, ஏஜென்ட் எங்கே தடுமாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்; அந்த இடங்களுக்கு மட்டும் எழுதுங்கள். பிறகு அதே கோப்புகளைப் புதிய உரையாடலில் கொடுங்கள், ஏனெனில் ஸ்கில்லை எழுத உதவிய பழைய உரையாடலில் எல்லாம் ஏற்கெனவே அதற்குத் தெரியும். சிறிய மாடல் ஒன்றிலும் ஓட்டிப் பாருங்கள். பெரிய மாடல் ஊகித்து நிரப்பிக்கொள்ளும் விடுபாடுகள் அங்கே வெளிப்படும். ஏற்கெனவே யூனிகோடில் உள்ள ஒரு கோப்பையும் கொடுத்து, ஸ்கில் தேவையின்றி இயங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.