அப்டேட் போட்டாயிற்று, உள்ளே வந்தவர் போய்விட்டாரா?

கேள்வி: வீட்டில் அசுஸ் ஆர்டி-ஏஎக்ஸ்55 ரூட்டர். அசுஸ் ரூட்டர்களில் திருட்டு வழி வைக்கிறார்கள் என்று படித்ததும் ஃபர்ம்வேரை, அதாவது ரூட்டரை இயக்கும் மென்பொருளை, அப்டேட் செய்துவிட்டேன். இனி பயமில்லைதானே?

பதில்: புதிதாக யாரும் அந்த ஓட்டை வழியே வர முடியாது. ஆனால் ஏற்கெனவே நுழைந்தவரை அப்டேட் வெளியேற்றாது. 2025 மே மாதம் கிரேநாய்ஸ் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட விவரப்படி, பாஸ்வேர்டை ஊகித்தோ லாகினைத் தாண்டியோ உள்ளே வருகிறார்கள். சிவிஇ-2023-39780 என்ற ஓட்டை வழியாகக் கட்டளைகளை ஓடவிட்டு, ரூட்டரிலேயே இருக்கும் எஸ்எஸ்ஹெச் வசதியை (தொலைவிலிருந்து கட்டளையிடும் வழி) 53282 போர்ட்டில் திறந்து, பாஸ்வேர்ட் இல்லாமலே நுழைய உதவும் தங்கள் சாவியைப் பதிந்துவிடுகிறார்கள். நடந்ததைக் குறித்துவைக்கும் லாகையும் அணைத்துவிடுகிறார்கள். இதெல்லாம் பதிவது என்விராம் என்னும் செட்டிங்ஸ் நினைவகத்தில். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அழிந்துவிடக் கூடாது என்பதற்காக ஃபர்ம்வேர் அப்டேட் என்விராமைத் தொடுவதில்லை. அந்தத் தயவில் திருட்டுச் சாவியும் பிழைத்துக்கொள்கிறது.

ரூட்டர் பக்கத்தில் நுழைந்து 'அட்மினிஸ்ட்ரேஷன்', அதற்குள் 'சிஸ்டம்' பாருங்கள். எஸ்எஸ்ஹெச் திறந்திருந்து, போர்ட் 53282 என்றோ, 'ஆதரைஸ்டு கீஸ்' கட்டத்தில் நீங்கள் போடாத நீண்ட எழுத்து வரிசையோ இருந்தால், அதை மட்டும் அழித்துவிட்டு நிற்காதீர்கள். முழு ரீசெட்தான் வழி.

முதலில் நெட் நிறுவனம் இணைப்புக்காகத் தந்த பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் நெட் திரும்ப வராது. இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டு, ரீசெட் பொத்தானை பவர் விளக்கு மின்னும்வரை 5 முதல் 10 விநாடி அழுத்துங்கள். செட்டிங்ஸை ஒவ்வொன்றாகக் கையால் போடுங்கள். சேமித்த பேக்கப்பை ஏற்றினால் சாவியும் அதோடு திரும்பி வந்துவிடும்; இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அட்மின் பாஸ்வேர்ட் புதிதாகவும் நீளமாகவும் இருக்கட்டும். வெளியிலிருந்து ரூட்டர் பக்கத்தைத் திறக்கும் 'வெப் ஆக்சஸ் ஃப்ரம் வேன்' வசதிக்கு 'நோ'.

கேள்வி: வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைய உதவும் சிட்ரிக்ஸ் கருவியான நெட்ஸ்கேலரில் 'சிட்ரிக்ஸ்பிளீட் 2' ஓட்டைக்குப் பேட்ச் போட்டாயிற்று. எல்லா செஷனையும், அதாவது லாகின் செய்து ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகளை, வெட்டச் சொல்கிறார்கள். ஓடிபி இருக்கும்போது அது எதற்கு?

பதில்: ஓடிபி வாசலில் ஒருமுறைதான் கேட்கப்படும். அதன்பின் பிரவுசர் கையில் இருப்பது செஷன் டோக்கன் என்னும் அனுமதிச் சீட்டு. அதைக் காட்டுகிறவரை நெட்ஸ்கேலர் நீங்களென்றே நம்பும்.

2025 ஜூனில் வெளியான இந்த ஓட்டை, சிவிஇ-2025-5777, கசியவிடுவது அந்த டோக்கனைத்தான். லாகின் பக்கத்துக்கு அனுப்பும் தகவலில் 'லாகின்' என்ற சொல் மட்டும் இருந்து, சமக்குறியும் மதிப்பும் இல்லாமல் போனால், நெட்ஸ்கேலர் அந்த மதிப்புக்கான இடத்தை நிரப்பாமலே விட்டுவிடுகிறது. அங்கே முன்பு கிடந்த நினைவகத் துணுக்கு பதிலோடு வெளியே போகிறது. ஒரு தடவைக்குச் சுமார் 127 பைட்தான். ஆயிரக்கணக்கில் கேட்டால் யாரோ ஒருவரின் டோக்கன் அதில் வந்து விழும். பேட்ச் போடும் முன் எடுத்த டோக்கன், அந்த செஷன் முடியும்வரை செல்லும். அதனால்தான் வெட்டச் சொல்கிறார்கள், சரியான அறிவுரை.

வரிசை முக்கியம். ஜோடியாக ஓடும் இரண்டு கருவிகளிலும் பேட்ச் ஏறிய பிறகே ஐசிஏ, பிசிஓஐபி எனப்படும் தொலைதிரை இணைப்புகளை 'கில்' கட்டளையால் வெட்டுங்கள். ஒன்று பாக்கியிருந்தால் புது டோக்கனும் அதன் வழியே கசியும். வேலை நேரத்தில் செய்தால் எல்லாருடைய திரையும் அணையும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு லாகில் ஒரே செஷன் இரண்டு ஐபி முகவரிகளிலிருந்து வந்திருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், கண்ட 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் 2022 உத்தரவு லாகை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது.

கேள்வி: பழைய லிங்க்சிஸ் இ1200 ரூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. மாற்றியே ஆக வேண்டுமா?

பதில்: ஆம். அதற்கு அப்டேட் வருவதே நின்றுவிட்டது. 2025 மே மாதம் அமெரிக்க எஃப்பிஐ எச்சரித்த பட்டியலில் இந்த மாடலும் இருக்கிறது. இத்தகைய ரூட்டர்களைப் பிடித்து, பிராக்சியாக, அதாவது மற்றவர்கள் முகம் மறைத்து இணையத்தில் உலவும் இடைவழியாக, வாடகைக்கு விடுகிறார்கள். யாரோ செய்யும் மோசடி உங்கள் ஐபி முகவரியில் பதிவாகும். புதியது வரும்வரை 'ரிமோட் மேனேஜ்மென்ட்'டை அணைத்து, ரீபூட் செய்யுங்கள். மாற்றியபின் பழையதை ரீசெட் செய்து மின்கழிவுக்குக் கொடுங்கள். 'சும்மாதானே கிடக்கிறது' என்று உறவினர் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.