சிசிலியன் டிராகன்: ஆட்டத்தைப் படிக்கும்போது எங்கே நிறுத்துவது?

கேள்வி: சதுரங்கத்தில் கறுப்புக் காய்களோடு சிசிலியன் டிராகன் என்ற தொடக்க முறையை ஆடுகிறேன். பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களை நகர்த்திப் பார்த்தால், 15 நகர்த்தல் தாண்டியதும் ஒன்றும் புரிவதில்லை. எஞ்சினில் (ஆட்டத்தை அலசும் கணினி நிரலில்) போட்டால், யார் கை ஓங்கியிருக்கிறது என்று வெறும் எண்தான் வருகிறது. எப்படிப் படிப்பது?

பதில்: காயைப் பலி கொடுக்கும் இடங்களை விடுங்கள், அவை தானாகவே கண்ணில் படும். டிராகன் மாதிரி வெட்டுக்குத்து ஆட்டத்தில், சாதுவாக ஒரு நகர்த்தல் வருகிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும்.

1974இல் மாஸ்கோவில் நடந்த கேண்டிடேட்ஸ் (உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி) இறுதிப் போட்டியின் 2ஆவது ஆட்டத்தை எடுங்கள். கார்ப்போவ் வெள்ளை, கோர்ச்னோய் கறுப்பு. வெள்ளை தன் எச் வரிசைச் சிப்பாயைக் கொடுத்து அந்த வரிசையைத் திறந்தாயிற்று. இனி பாய வேண்டியதுதான் என்று நாம் நினைக்கும்போது, 16ஆவது நகர்த்தலில் கார்ப்போவ் டி4 கட்டத்துக் குதிரையைப் பின்னால் இ2க்கு இழுக்கிறார். ஏன்? மேற்கொண்டு படிக்காமல் உங்கள் பதிலை எழுதி வையுங்கள்.

டிராகனில் கறுப்பின் உயிர்நாடி, சி வரிசை யானையைக் கொடுத்து சி3 குதிரையை வெட்டுவது. பி சிப்பாயால் திருப்பி வெட்டினால் வெள்ளை ராஜாவின் வேலி பிய்ந்துவிடும். இ2இல் குதிரை நின்றால் அதைக் கொண்டே திருப்பி வெட்டலாம். 19ஆவது நகர்த்தலில் யானை டி3க்கு வருவதும் இதே காவலுக்குத்தான். அப்புறம்தான் இ2 குதிரை தாக்குதலுக்குக் கிளம்புகிறது.

24ஆவதில் சிப்பாயை இ5க்குத் தள்ளுவது இன்னும் அழகு. அவசரப்பட்டுக் குதிரையால் எஃப்6ஐ வெட்டினால் ஐந்தாம் குறுக்கு வரிசை திறந்து, ஏ5இல் இருக்கும் கறுப்பு ராணி ஜி5க்கு ஓடிவந்து ராணிகளை மாற்றிக்கொள்ளும். சிப்பாய் அந்த வழியை அடைத்துவிடுகிறது. 27ஆவது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது.

சரி, நீங்கள் ஆடுவது கறுப்பு. அதனால் தோற்றவர் பக்கம் உட்கார்ந்தும் ஒருமுறை பாருங்கள். கோர்ச்னோய் 16ஆவதில் ராணியை ஏ5க்கு நகர்த்தினார். அதற்குப் பதில் எஃப்8 யானையை இ8க்கு நகர்த்தியிருந்தால், வெள்ளை மந்திரி எச்6க்கு வரும்போது ஜி7 மந்திரி வெட்டுப்படாமல் எச்8இல் ஒதுங்கிக்கொள்ளும், யானையும் பறிபோகாது. டிராகனில் அந்த மந்திரி போனால் பாதி ஆட்டம் போன மாதிரி. இன்னும் முன்னாலேயே, 12ஆவதில், எச்5 என்று சிப்பாயைத் தள்ளி வெள்ளையின் எச் சிப்பாயைத் தடுப்பது, சோல்டிஸ் என்ற ஆட்டக்காரரின் பெயரில் வழங்கும் சோல்டிஸ் முறை. அதையும் பழகுங்கள்.

எஞ்சின் கடைசியில்தான். அதிலும் எண்ணைப் பார்க்க வேண்டாம். 16ஆவதில் குதிரையை இழுக்காமல் உடனே மந்திரியை எச்6க்கு வையுங்கள். கறுப்புக் குதிரை இ4 சிப்பாயை வெட்டும். அதற்குப் பிறகு வரும் கிளைகளைப் பலகையிலேயே நகர்த்திப் பாருங்கள்.