பிளாட்டோ தெ பெய்: டைமை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க

ப்ரோ, டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் ரேஸ்ல வர்ற பிளாட்டோ தெ பெய் மலையை 1998ல இத்தாலி ரேஸர் பந்தானி ஏறினதை விட 2024ல ஸ்லோவேனியா ரேஸர் போகாச்சார் மூணரை நிமிஷத்துக்கு மேல ஃபாஸ்ட், அப்போ அவர்தான் பெட்டர் கிளைம்பரான்னு கேட்டிருக்கீங்க. டைமை மட்டும் வச்சு அப்படி சொல்ல முடியாது. மலை அதேதான், 15.8 கிமீ, சராசரி 7.9 சதவீதம், ஆனா 2024ல போட்டி டீமான விஸ்மா அடிவாரத்துலயே தங்களோட ரைடர் ஜார்கன்சனை முன்னாடி விட்டு வேகத்தை முறுக்கிட்டாங்க, அப்புறம் 10 கிமீக்கு மேல பாக்கி இருக்கும்போதே அதே டீமோட வின்கேகோர் அட்டாக் பண்ண (திடீர்னு வேகம் கூட்டி முன்னாடி பாய), போகாச்சார் அவர் பின் வீலை விடாம ஒட்டிக்கிட்டு வந்து கடைசி 5 கிமீ சொச்சத்துலதான் பிச்சுக்கிட்டுப் போனாரு. மணிக்கு 23, 24 கிமீ வேகத்துல ஏறும்போது காத்து மறைவு (முன்னாடி போறவர் காத்தைத் தடுக்க, பின்னாடி வர்றவருக்கு சுலபமாகுறது) சும்மா இல்ல. சைக்கிள், டயர், சாப்பாடு எல்லாமே மாறிடுச்சு, பந்தானி காலம் ஈபிஓங்கிற ஊக்கமருந்து புழங்கின காலம் வேற (அதை வச்சும் கணக்கு போட முடியாது). கம்பேர் பண்ணியே ஆகணும்னா அதே நாள் கேப்பைப் பாருங்க, வின்கேகோர் 1 நிமிஷம் 8 செகண்ட் பின்னாடி, அது நம்பலாம்.