பைபிளில் 40 என்ற எண் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

பைபிளில் 40 என்பது பெரும்பாலும் சோதனைக்கும் ஆயத்தத்துக்கும் உரிய காலத்தின் அடையாளம். ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குவதற்கு இடையிலான காத்திருப்பு என்றும் சொல்லலாம். நோவாவின் காலத்தில் மழை 40 நாள் பெய்தது. மோசே சீனாய் மலையில் 40 நாள் இருந்தார். இயேசு வனாந்தரத்தில் நோன்பிருந்ததும் 40 நாள்தான். கடவுள் வாக்களித்த நாடான கானானை வேவு பார்த்த 40 நாளுக்குத் தண்டனையாக, நாளுக்கு ஓர் ஆண்டாக இஸ்ரவேலர் வனாந்தரத்தில் 40 ஆண்டுகள் அலைந்தார்கள். பழைய தலைமுறை மறைந்து புதியது தலையெடுக்க வேண்டியிருந்தது என்று அந்தக் கதையே காரணம் சொல்கிறது.

துல்லியம் பார்க்காமல் தோராயமாகச் சொல்லும் எண்ணாகவும் 40 பயன்பட்டது. தாவீது 40 ஆண்டுகள் அரசாண்டார் என்று சொல்லும் 2 சாமுவேல் நூலின் 5-ஆம் அதிகாரம், அடுத்த வசனத்திலேயே எப்ரோனில் ஏழரை ஆண்டு, எருசலேமில் 33 ஆண்டு என்கிறது. கூட்டினால் நாற்பதரை! எழுதியவருக்கு அது உறுத்தவே இல்லை. ‘உன்னிடம் நூறு தடவை சொல்லிவிட்டேன்’ என்று அம்மா அலுத்துக்கொள்ளும்போது நாம் விரல்விட்டு எண்ணுகிறோமா என்ன?

அதற்காக எல்லா 40-உம் குறியீடு என்று எண்ணிவிடக் கூடாது: குற்றவாளிக்கு 40 கசையடிக்கு மேல் கூடாது என்பது பழைய ஏற்பாட்டு நூலான உபாகமத்தின் சட்டம்; அப்போஸ்தலர் பவுல் ‘ஒன்று குறைய நாற்பது’ அடிகளை ஐந்து முறை வாங்கியதாக எழுதும்போது, அது எண்ணி வாங்கிய அடி.