நாவலுக்காக நீங்கள் கற்பனை செய்த மலைக்குடியின் கல்யாணம், சாவு, நடனச் சடங்குகள் கதையோடு ஒட்டவில்லையா?

புதுச் சடங்கு எதையும் சேர்க்காதீர்கள். உங்கள் நாவலின் மலைக்குடி எதை நம்பிப் பிழைக்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே எழுதிய கல்யாணம், சாவு, நடனம் மூன்றையும் அதோடு கட்டுங்கள். அப்போது துருத்திக்கொண்டு நிற்காது.

ஒவ்வொன்றையும் அழகுக்காகத் தனித்தனியாகத் தேர்ந்திருக்கிறீர்கள், ஒட்டாததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். நீலகிரி மலைப் பழங்குடியான தோடர்களைப் பாருங்கள். எருமைதான் அவர்கள் வாழ்வின் மையம். புனித எருமைகளின் பாலைக் கடையும் பால்மனையே கோயில், அதைக் கவனிப்பவரே பூசாரி. பெண்கள் உள்ளே போவதில்லை. அரைப்பீப்பாய் வடிவக் கூரை, குனிந்து தவழ்ந்தே நுழையக்கூடிய சிறு வாசல். மரபாக இறைச்சி உண்ணாத மக்கள், ஆனால் இறந்தவரோடு மறுவுலகம் போக எருமையைப் பலி கொடுப்பார்கள். உணவு, தெய்வம், ஆண் பெண் எல்லை, மரணம் எல்லாமே ஒரே விலங்கில் வந்து முடிகின்றன. எனக்கு இதைவிட நல்ல பாடம் தெரியாது.

ஒவ்வொரு சடங்கையும் இப்படிச் சோதியுங்கள்:

1. செலவு யாருடையது?
2. யாருக்கு அனுமதி இல்லை?
3. மழை பொய்த்த வருஷத்தில் அது என்ன ஆகும்?

பதில் வராததை வெட்டிவிடுங்கள். நடனத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

ஒரு எச்சரிக்கை: தோடர் சடங்கை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள். அவர்கள் இன்றும் அங்கே வாழும் மக்கள், அது அவர்களுடைய வழிபாடு. பிணைப்பு எப்படி அமைந்திருக்கிறது என்பதை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்.