தளம் போடுமுன் எத்தனை லைட் பாக்ஸ்?

கேள்வி: திருச்சியில் தனி வீடு கட்டுகிறோம். ஹால் 12க்கு 16 அடி, உயரம் 10 அடி. சென்ட்ரிங் அடித்தாயிற்று. அடுத்த வாரம் மேல்தளம் கான்கிரீட். எலக்ட்ரீசியன் ஹால் தளத்திலேயே 16 லைட் பாக்ஸ் (சீலிங் லைட்டைப் பொருத்தும் பெட்டி) வைத்துவிடலாம் என்கிறார். இன்டீரியர் செய்பவரோ, ‘இப்போது ஒன்றும் வைக்காதீர்கள், பிறகு ஃபால்ஸ் சீலிங் போட்டு 24 லைட் தருகிறேன்’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: பாக்ஸைத் தளத்திலேயே வையுங்கள். ஆனால் 8 போதும்.

16, 24 என்ற எண்களெல்லாம் உங்கள் ஹாலை அளந்து வந்தவை அல்ல. எலக்ட்ரீசியனுக்குக் கூலி பாயிண்ட் கணக்கில். ஒரு பாக்ஸ் கூடினால் ஒரு பாயிண்ட் கூடும். அப்புறம் கடையில் லைட் வாங்கும்போது அவருக்கு ஒரு கமிஷன் வரும், அது உங்கள் பில்லில் தனியாகத் தெரியாது. இன்டீரியர்காரருக்குச் சீலிங் சதுர அடிக் கணக்கு, லைட் எண்ணிக்கைக் கணக்கு, இரண்டும் உண்டு. ‘இவ்வளவு எதற்கு, குறைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னால் நஷ்டப்படும் ஆளிடம் போய் எத்தனை லைட் வேண்டும் என்று கேட்கிறோம். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இந்த ஏற்பாடு மட்டும் மாறவே இல்லை.

கணக்கை நீங்களே போடலாம். 20 வாட் எல்இடி டியூப் ஒன்று சுமார் 2000 லுமன் வெளிச்சம் தரும். உங்கள் ஹாலுக்கு இரண்டு, தாராளமாக என்றால் இரண்டரை டியூப் வெளிச்சம் வேண்டும். அதாவது 5000 லுமன். 7 வாட் சீலிங் லைட் ஒன்று சுமார் 600 லுமன் தரும். எட்டு போட்டால் வேலை முடிந்தது. 12 வாட்டில் 24 லைட் என்றால் 288 வாட். தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத ரீடிங்கில் 86 யூனிட். 7 வாட்டில் எட்டு லைட்டுக்கு 17 யூனிட். ஈபி பில்லை விடுங்கள், கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பது போல் இருக்கும்.

எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம், அதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. நம் ஊரில் ஹால் என்றால் நடுவில் ஃபேன் உண்டு. 48 அங்குல ஃபேனின் இறக்கை நுனி, நடுவிலிருந்து 2 அடி வரை வரும். அந்த வட்டத்துக்கு மேலோ மிக அருகிலோ லைட் இருந்தால், ஃபேன் சுற்றும்போது இறக்கை வெளிச்சத்தை வெட்டிக்கொண்டே இருக்கும். சுவரெல்லாம் நிழல் துடிக்கும், பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். லைட் கெட்டுவிட்டது என்று மாற்றிப் பார்ப்பார்கள், அதுவும் அப்படியே துடிக்கும். ஆகவே இரண்டு வரிசை போடுங்கள். 16 அடி நீளச் சுவர்கள் இரண்டிலிருந்தும் இரண்டரை அடி உள்ளே தள்ளி ஒவ்வொரு வரிசை. வரிசைக்கு நான்கு லைட், இடைவெளி 4 அடி, கடைசி லைட்டுக்கும் குறுக்குச் சுவருக்கும் 2 அடி. இப்படி வைத்தால் இறக்கை நுனிக்கும் லைட்டுக்கும் ஒன்றரை அடி கிடைக்கும். நீளவாக்கில் இரண்டு ஃபேன் வைத்தாலும் இடிக்காது. எட்டையும் ஒரே ஸ்விட்சில் போடாமல் மூன்றாகப் பிரியுங்கள். சுவரில் ஒரு டியூப்லைட் பாயிண்ட்டும் விட்டு வையுங்கள். ‘அதெல்லாம் பழைய ஃபேஷன்’ என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்பது என் கட்சி. 10 அடி உயரத்தில் அரை அடியை ஜிப்சம் போர்டுக்குக் கொடுத்துவிட்டு, ஃபேனுக்கு நீளமான ராடு தேடுவானேன்?

ஃபால்ஸ் சீலிங் கட்டாயம் என்று நான் சொல்லும் இடம் ஒன்றுண்டு. கீழ்த்தளக் குளியலறைக்கு நேர் மேலே மாடியில் இன்னொரு குளியலறை வருகிறதா? அந்தத் தளத்தில் லைட் பாக்ஸ் வைக்கவே வைக்காதீர்கள். மேலே இருந்து கசியும் தண்ணீருக்கு அந்தப் பாக்ஸ்தான் வாசல். அங்கே பிவிசி சீலிங் போட்டு, மேல் குளியலறையின் டிராப்புக்கு (கழிவுநீர் இறங்கும் வளைகுழாய்) நேர் கீழே ஒன்றரை அடிச் சதுரத்தில் திறந்து மூடும் கதவு ஒன்று வையுங்கள். கதவு இல்லாத சீலிங் என்னவாகும் என்பதற்கு என் வீடே சாட்சி. ஜிப்சம் போர்டால் அழகாக மூடிவிட்டார்கள், நானும் கவனிக்கவில்லை. மூன்று நாளாக ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) அடிக்கடி விழுந்துகொண்டே இருந்தது. எல்லோரும் கீசரைச் சந்தேகப்பட்டோம். நாலாம் நாள் லைட்டின் வெள்ளை விளிம்பில் ஒரு சொட்டு தொங்குவதைப் பார்த்தேன். சுற்றிலும் டீத்தூள் நிறத்தில் ஒரு வளையம். மேலே குழாய் இணைப்பு ஒன்று கசிந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய அரை மணி நேரம்தான் ஆனது. ஆனால் கை நுழைய வழியில்லாததால் சீலிங் முழுவதையும் அறுக்க வேண்டியதாயிற்று. எலக்ட்ரிகல் ஆள் வீட்டிலேயே இப்படி!

இனி லைட். பாக்ஸை முதலில் வாங்கிவிட்டு லைட்டை அப்புறம் தேடாதீர்கள். தளத்துப் பாக்ஸுக்கென்றே செய்த லைட் ஒன்றை இப்போதே வாங்கி, பாக்ஸுக்குள் வைத்துப் பாருங்கள். டிரைவர் (லைட்டுக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் சிறு பெட்டி) உள்ளே அடங்குகிறதா, கிளிப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். நிறம் 4000 கெல்வின் கேளுங்கள், மஞ்சளும் இல்லாமல் ஆஸ்பத்திரி வெள்ளையும் இல்லாமல் இருக்கும். எட்டுக்குப் பத்தாக வாங்கி வையுங்கள், அடுத்த வருடம் அதே மாடல் கிடைக்காது.

அட்டையிலும் லைட்டிலும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையோடு ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய பொருள் என்று காட்டும். கட்டாயப் பதிவு என்று சட்டம் இருக்கிறது. இருந்தும் எண்ணே இல்லாத லைட் கடை வாசலில் கூடை கூடையாக விற்கிறது. பார்க்க வேண்டியவர்கள் பார்ப்பதில்லை, நாம்தான் போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டியிருக்கிறது.

கான்கிரீட் அன்று நீங்கள் கட்டாயம் சைட்டில் இருங்கள். பாக்ஸ் பலகையோடு ஆணியடித்து நிற்க வேண்டும், கம்பிகளுக்கு இடையில் உட்கார வேண்டும். இடமில்லை என்று கம்பியை வெட்டவோ பீமில் வைக்கவோ வந்தால் உடனே இன்ஜினியருக்குப் போன் போடுங்கள். வாய் திறந்த பாக்ஸில் மணலோ ஈரப் பேப்பரோ அடைத்து டேப் ஒட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சிமென்ட் பால் இறங்கிக் கல்லாகிவிடும். கலவை கொட்டுமுன் ஒவ்வொரு பாக்ஸுக்கும் இரண்டு சுவரிலிருந்தும் டேப் பிடித்து அளவைத் தாளில் எழுதுங்கள், போட்டோவும் எடுங்கள். பலகை பிரித்த பிறகு எட்டில் குறைந்தது இரண்டு கண்ணில் படாது. அப்போது ‘இங்கேதான் இருந்தது’ என்று தளத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். அந்தத் தாளை நீட்டுங்கள்.