தாராவியில் வீட்டு முறுக்கு வியாபாரம்: ஆன்லைனில் எங்கே தொடங்குவது?

வீட்டில் முறுக்கு, அதிரசம் போட்டு விற்கிறோம், விளம்பரத்துக்குப் பணம் குறைவு என்று கேட்டிருக்கிறீர்கள். காசு கொடுத்து விளம்பரம் போடுவதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதலில் கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் கடையைக் காட்டும் பக்கம், இலவசம்தான். தேடலுக்குப் பொருந்துகிறதா, எவ்வளவு அருகில் இருக்கிறது, எவ்வளவு பேருக்குத் தெரிந்த கடை என்பதையெல்லாம் பார்த்துத்தான் கூகுள் வரிசைப்படுத்துகிறது. வாடிக்கையாளர் உங்கள் வீட்டுக்கு வருவதில்லை என்றால் முகவரியை மறைத்துவிட்டு, சயான், மாட்டுங்கா, செம்பூர் என டெலிவரி செய்யும் பகுதிகளை மட்டும் காட்டலாம். வாங்கியவர்களிடம் ரிவ்யூ கேளுங்கள். தள்ளுபடி தருகிறேன் என்று சொல்லிக் கேட்காதீர்கள், அது விதிமீறல்.

உங்கள் தொழிலுக்கு உயிர் என்று நான் நினைப்பது வாட்ஸ்அப் பிசினஸ், வியாபாரிகளுக்கான வாட்ஸ்அப் ஆப். அதிலுள்ள கேட்டலாக்கில் (பொருள் பட்டியலில்) படம், எடை, விலை மூன்றும் இருக்கட்டும். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைப் போனில் சேமித்தவர்களுக்குத்தான் செய்தி போகும். அதனால் பாக்கெட்டிலேயே எண்ணை அச்சிட்டு, சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். (உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் பதிவு எண்ணும் அதில் கட்டாயம் வேண்டும்.) தினமும் செய்தி அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள். கணபதி விழா, தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே ஆர்டர் கேளுங்கள்.

இன்ஸ்டாகிராம் பிறகு பார்க்கலாம். முறுக்கு பிழியும் ரீல் வாரம் ஒன்று போதும்.